வெங்காயச்சருகு நிற மஸ்டாங்

பர்வின் காருக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தவை அவளுடைய இரண்டு பாதங்களும், தூக்கிச் சொருகிய சுடிதாரின் ஓரமும்தான். சைலன்சரைத் தாங்கும் பட்டையில் ஒரு நட்டு லேசாக அதிர்கிறது என்று நேற்று மாலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. கார் பார்க்க வருகிறவர்கள் சீர்காழியிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று அவளுடைய நானா ஹாஜா மைதீனுக்கு போன் வந்த பிறகும் அவள் எழுந்து வரவில்லை.

ஹாஜா மைதீன் பர்வினுக்கு மூத்த அண்ணன். மயிலாடுதுறையில் மனைத் தரகும் பழைய கார் தரகும் பார்க்கிறவர். தகரக் கொட்டகையின் நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கை புருஷன் தௌபீக்கின் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்துப் பேசினார்.

"மாப்ள, யாரு செஞ்சதுன்னு கேட்டா நீங்க செஞ்சதுன்னே சொல்லிடுங்க. ஷார்ஜாவுல பதினேழு வருஷம் அமெரிக்கன் வண்டியாவே பாத்த ஆளு. அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. வீட்டுல இருக்கிற பொம்பள செஞ்சதுன்னு சொன்னீங்கன்னா, வண்டிய சுத்திப் பாக்காமலேயே கிளம்பிடுவாங்க."

தௌபீக் காரின் பக்கம் பார்த்தான். காருக்கு அடியில் ஸ்பேனர் இரண்டு முறை கிளிக்கென்று சத்தமிட்டு நின்றது.

"நானா சொல்றதுதான் சரிங்க. அப்படியே சொல்லிடுங்க," என்றது அடியிலிருந்து வந்த குரல். பிறகு ஸ்பேனர் மறுபடியும் திரும்பத் தொடங்கியது.

தௌபீக்குக்கு வலது கை வேலைக்கு ஆகாது. பார்ப்பதற்கு முழுசாகத்தான் இருக்கும். ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில், பழைய அமெரிக்க கார்களைப் பிரித்துப் போட்டு மறுபடி புதிதாக்கும் பட்டறையில் அவன் வேலை பார்த்தான். அவன் மூடித் தந்த எஞ்சினை வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. ஒரு நாள் எஞ்சினைத் தூக்கும் சங்கிலியின் கொக்கி நழுவியதில் கை சிக்கிக்கொண்டது. எலும்பு சேர்ந்தது. நரம்பு சேரவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மடங்குவதை விட்டுவிட்டன. சொந்த ஊரான காவிரிக்கரைக் குத்தாலத்துக்குத் திரும்பி வந்த புதிதில் அவன் பள்ளிவாசலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டான். சலாம் சொல்லிக் கை நீட்டுகிறவர்கள், பிடியில்லாத அந்தக் கையைப் பற்றியதும் சட்டென்று முகம் மாறுவார்கள். அந்த முகங்களைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில், யார் கை நீட்டினாலும் கையை நெஞ்சில் வைத்துத் தலையை அசைக்கப் பழகிக்கொண்டான்.

வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களில்தான் அவன் பர்வினை முதன்முதலாகக் கவனித்தான் என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் விடுமுறைக்கு வந்து போகிறவனாகவே இருந்தவன் அவன். பிளவுஸும் பள்ளிக்கூடச் சீருடையும் தைக்கிற பவர் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, போர் மோட்டார், இன்வெர்ட்டர், கிரைண்டர், மழைக்கு ஒழுகும் மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அவளே சமாளித்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. போனில் கேட்டபோதெல்லாம் ஆள் வந்து சரிபண்ணிவிட்டதாகத்தான் சொல்லியிருந்தாள். ஒரு நாள் காலை மோட்டார் ஓடாமல் நின்றது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி அவன் வாயெடுப்பதற்குள் அவள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்திருந்தாள். திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் காதை வைத்துக் கேட்டாள். அவன் பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எத்தனை வருஷம் சொன்னாலும் வராத பழக்கம் அது. கேட்பதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது.

அந்த வருஷம்தான் ஹாஜா மைதீன், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையை விற்றுக் கொடுக்கும் வேலையை எடுத்திருந்தார். உமி கொட்டிவைத்த கொட்டகையின் மூலையில் ஒரு பழைய கார் கிடப்பதாகவும், பழைய இரும்புக்குப் போடும் முன் வந்து பார்க்கச் சொல்லியும் தௌபீக்கை வேடிக்கையாக அழைத்தார். உமியைத் தள்ளியபோது சிவப்புப் பெயின்ட் செதில் செதிலாகத் தெரிந்தது. மேல் கூரை கிழிந்து கம்பிகள் நின்றன. யாரோ அதில் வேன் எஞ்சின் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதுவும் இறுகிப்போயிருந்தது. தரைத்தகடு துருவில் உதிர்ந்து, ஓட்டை வழியாகத் கோவைக்கொடி ஒன்று முளைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து ஏறியிருந்தது. தௌபீக் முன்பக்கம் போய் குந்தி உட்கார்ந்து இடது கையால் அழுக்கைத் துடைத்தான். ஓடுகிற குதிரை தெரிந்தது. அறுபத்தாறாம் வருஷத்து மஸ்டாங். கூரை மடக்குகிற வகை. ஷார்ஜாவில் இதே போல் எத்தனையோ வண்டிகளை அவன் முடித்து அனுப்பியிருக்கிறான். ஒன்றைக்கூட ஊரில் பார்ப்போம் என்று நினைத்ததில்லை. வீட்டுக்கு வந்து பர்வினிடம் அந்த வண்டியைப் பற்றி ஒரு வரி சொன்னதோடு விட்டுவிட்டான். மறுநாள் பர்வின்தான் ஆட்டோ பிடித்து ஆலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வாங்கிடலாம்," என்றாள்.

"வாங்கி? யாரு செய்றது?"

"நீங்க சொல்லுங்க. நான் செய்றேன்."

அவள் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. மாவு அரைத்துக் கொடுக்கிறேன் என்பது போலச் சொன்னாள். கை போனதற்காகப் பட்டறையில் கொடுத்த பணத்தில் மிஞ்சியிருந்தது எல்லாம் அந்த வண்டிக்குள் போயிற்று.

ஆரம்பம் மோசமாக இருந்தது. தௌபீக் சொல்லத் தெரியாதவன். இத்தனை வருஷம் அவன் கைதான் யோசித்தது. வாய் அதற்குப் பழகவில்லை. "அத இப்படி, அந்தப் பக்கம், ஏய் அது இல்ல" என்று கத்துவான். கதவுப் பூட்டைக் கழற்றும்போது ஒரு ஸ்பிரிங் பறந்து போய் எங்கோ விழுந்தது. அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு பல நாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. தையல் மெஷின் மட்டும் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு நட்டைக் கழற்றுவது எப்படி என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிப் பழகினான். எந்தப் பக்கம் நின்று, எந்தக் கை மேலே, எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்த வேண்டும். ஒரு சிறிய வேலைக்கு இத்தனை வார்த்தைகள் தேவைப்படும் என்பது அவனுக்கே புதிதாக இருந்தது. பிறகு தையல் மெஷின் பக்கத்தில் போய் நின்று, "வெல்டிங் பத்திச் சொல்லவா?" என்றான். அவள் கடைசித் தையலை முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

தரைத்தகடு முழுவதும் புதிது. செய்தித்தாளை வைத்து அளவெடுத்து, ஓரம் வெட்டி, அதையே தகட்டின் மேல் ஒட்டி அறுத்தாள். வெல்டிங் பொறி சிதறி முழங்கையில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிட்டது. கல்யாண வீடுகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். முதலில் போட்ட வெல்டிங் ஒட்டுகளை அவன் சுத்தியலால் தட்டிப் பார்த்து உடைத்துவிடுவான். மறுபடி போடுவாள். ஒரு நாள் அவன் தட்டினான். உடையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். அவள் மூக்கில் வியர்வையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு மேல தட்டுனா என் கைதான் போகும்," என்றான் அவன். அந்தக் கை போன பிறகு அதைப் பற்றி அவன் சிரித்துப் பேசியது அதுதான் முதல் முறை.

புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடி ஜப்பான் ஜீப் ஒன்றின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வாங்கி வந்தார்கள். அதற்கு உள்ளே போக வழி செய்தது தௌபீக்கின் மூளை. ஆனால் ஸ்டீயரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றியபோது டேஷ்போர்டில் அவன் மாட்டிக்கொண்டான். எல்லாமே இடப்பக்கம் உட்காரும் ஓட்டுநருக்காக வார்த்தது. ஷார்ஜாவில் இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. அங்கே எல்லா வண்டியும் இடப்பக்கம்தான். துண்டு போட்டு ஒட்டினால் ஒட்டு தெரியும். இரண்டு வாரம் யோசித்து, பழையபடி இடப்பக்கமே விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு அவன் வந்துவிட்டான். பர்வின் ஒரு பழைய சேலையை டேஷ்போர்டின் மேல் விரித்து, விரலால் அழுத்தி, சாக்பீஸால் கோடு போட்டாள். எடுத்துத் தரையில் போட்டாள். பிறகு அப்படியே திருப்பிப் போட்டாள்.

"பிளவுஸ்ல வலப்பக்கத்துத் துணிய வெட்டுனா, அதையே திருப்பிப் போட்டு இடப்பக்கம் வெட்டுவோம். ஒரே அளவுதான். உள்பக்கம் வெளிய வரும், அவ்வளவுதான். தகட்டுல புதுசா ஒண்ணு அடிச்சிடலாமே. ஏன் பழசப் புடிச்சிட்டு அழுவுறீங்க?"

அன்றைக்குத் தௌபீக் கொட்டகைக்கு வெளியே வந்து வாய்க்கால் மதகின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மனசில் ஒரு நெருடல் இருந்தது. இதுவரை அவள் அவனுடைய கையாக இருந்தாள். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. அந்த நெருடலுக்குள்ளேயே வேறொன்றும் கிளம்பி வந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அவன் மறந்தே போயிருந்த ஒன்று. பட்டறையிலிருந்து ஒரு வண்டி முடிந்து வாசலைத் தாண்டும்போது நெஞ்சில் ஏறுகிற அந்த நிமிர்வு.

அதற்குப் பிறகு அவன் சொல்வது குறைந்தது. அவள் கேட்பது குறைந்தது. இருக்கைகளுக்கு ஆம்பூர்த் தோலில் இரட்டைத் தையல் போட்டாள். கேன்வாஸ் கூரையை மூன்று முறை தைத்து இரண்டு முறை பிரித்தாள். நிறத்தையும் அவள்தான் சொன்னாள். பெயின்ட் அடிக்கிறவன் நிற அட்டையை நீட்டியபோது, தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துக் கொடுத்தாள். வெங்காயச்சருகு. வெயிலில் தாமிரம் போலவும் நிழலில் ரோஜா போலவும் தெரிகிற சேலை நிறம். அவன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

இப்போது அந்த வண்டி கொட்டகை வாசலில், கூரை மடங்கி, தை மாத வெயிலில் நின்றது. பர்வின் அடியிலிருந்து வெளியே வந்து, பட்டையைத் தட்டிப் பார்த்து, திருப்தியாகி, வீட்டுக்குள் போனாள்.

சீர்காழிக்காரர்கள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆற்றங்கரைச் சாலையின் பாதி வரை நெல்லைக் காயப்போட்டிருந்ததால் அவர்களுடைய கார் ஊர்ந்துதான் வந்தது. அனுராதா அறுபது வயதைத் தாண்டியவர். அமெரிக்காவில் பல் மருத்துவராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். கட்டை முடி, பருத்திச் சேலை, காலில் ஓடுவதற்குப் போடுகிற ஷூ. கூட வந்தவர் அவருடைய தம்பி குணசேகரன். டிராக்டர் விற்கிறவர், இயந்திரம் தெரிந்தவர். இறங்கியதும் இரண்டு பேரும் தங்கள் காரின் கதவைக்கூடச் சாத்தாமல் வண்டியைப் பார்த்து நின்றார்கள். அந்தக் கணத்தைத் தௌபீக் ஓரக்கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டான்.

"அங்க இருந்தப்ப ரோட்டுல இந்த வண்டி போனா நின்னு பாப்பேன்," என்றார் அனுராதா. "வாங்க நேரமே கிடைக்கல. யாராவது வாய பொளந்துட்டு நாற்காலியில உக்காந்துட்டே இருந்தாங்க."

குணசேகரன் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். காந்தத்தை வைத்துப் பார்த்தார், தகட்டுக்குப் பதில் பூசி மறைத்த பட்டி எங்காவது இருக்கிறதா என்று. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.சி.யில் பதிவு இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது. முதலில் சிவப்பாக இருந்த வண்டிக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டார். ஹாஜா மைதீன் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"எல்லாம் மாப்ள கையாலதான் சார். ஷார்ஜாவுல இவர தேடி வருவாங்க."

குணசேகரன் தௌபீக்கைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அது தௌபீக்குக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒருவர் பார்த்து. வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. அது அங்கேயே இருந்தால் போதும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று தோன்றியது.

"ஐட்லிங் ஸ்க்ரூவ லேசா கூட்டி வைங்களேன், எஞ்சின் சத்தம் கேக்கலாம்," என்றார் குணசேகரன்.

"மாப்ளைக்கு இன்னிக்கு கையில சுளுக்கு சார். நீங்களே திருகிப் பாருங்க," என்றார் ஹாஜா மைதீன் தடங்கலில்லாமல்.

அந்த நேரம் பார்த்துப் பர்வின் தட்டில் டீ கொண்டுவந்தாள். வேறு சுடிதார், தலையில் முக்காடு. அனுராதாவிடம் டம்ளரை நீட்டிய அவளுடைய கைகளைத் தௌபீக் பார்த்தான். நகத்தின் இடுக்கில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. எலுமிச்சையும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். தோல் சிவந்து எரிகிற அளவுக்குத் தேய்த்திருக்கிறாள். முழங்கைத் தழும்புகளை மறைக்கிற மாதிரி முழுக்கையைக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். டீ மட்டும் போடுகிற கைகள் என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும். அதற்காக இத்தனை பாடுபட்டிருக்கிறாள், அவனுக்காக.

தௌபீக் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தான்.

"சுளுக்கு இல்ல சார். இந்தக் கையால ஒரு நட்டக்கூட திருப்ப முடியாது. அடிபட்டு வருஷமாச்சு." அவன் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் அப்படியே விறைத்து நின்றன. "இந்த வண்டிய செஞ்சது இவங்க."

தன் மனைவியை நாலு பேர் முன்னால் 'இவங்க' என்று சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. அப்படி அவன் சொன்னதில்லை. பர்வின் தட்டைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. கெடுத்துவிட்டீர்களே என்பது போலத்தான் இருந்தது.

குணசேகரன் பானெட்டின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டீயரிங் மாத்திருக்கு, தரை மாத்திருக்கு. எல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட வேல. வீட்ல இருக்கிறவங்க செஞ்சாங்கன்னா…"

"அதனாலதான் சார் சொன்னேன். ஓட்டப்போறது உங்க அக்கா. உள்ள இருக்கிற போல்ட்ட யாரு முடுக்குனாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். முடுக்குனது என்னைவிட நல்லா முடுக்கறவங்க. ஷார்ஜாவுல நான் இருந்த பட்டறையில இவங்களுக்கு வேல கேட்டா, என்னை அனுப்பிட்டு இவங்கள வச்சுக்குவான்."

அனுராதா டம்ளரைச் சுவரின் மேல் வைத்தார். காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தோலின் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு பர்வினைப் பார்த்து, "உங்க பேரு?" என்றார்.

"பர்வின்."

"பர்வின், இதுல உங்களுக்கே பிடிக்காதது என்ன?"

ஹாஜா மைதீன் தொண்டையைச் செருமினார். பர்வின் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். அதன் மேல் கை வைத்ததும் அவள் நிற்கிற விதமே மாறியது.

"கூரைய போட்டுக்கிட்டுப் போனா, பெரிய மழையில இடது கதவு ஓரமா சொட்டுத் தண்ணி உள்ள வரும். நாலாவது தடவ தச்சா நிக்கும்னு தோணுது, இன்னும் தைக்கல. மதியான வெயில்ல நெரிசல்ல நின்னா சூடு ஏறும், ரெண்டாவது ஃபேன் போட்டிருக்கேன், ஆனாலும் டெம்பரேச்சர் முள்ள ஒரு கண்ணு பாத்துக்கணும். பின் சீட்டுல பெரியவங்க உக்காந்தா முட்டி இடிக்கும். அது நான் பண்ணதில்ல, வண்டியே அப்படித்தான்." கொஞ்சம் யோசித்தாள். "மத்ததெல்லாம் சரியா இருக்கு."

கடைசியாகச் சொன்னதில் பெருமையடிப்பு இல்லை. கடைக்காரர் எடை போட்டுச் சொல்வது போல இருந்தது. 

"ஓட்டிப் பாக்கலாமாக்கா? நான் எடுக்கறேன்," என்றார் குணசேகரன்.

"வேணாம். அவங்க எடுக்கட்டும்," என்று அனுராதா பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "செஞ்சவங்க எப்படி ஓட்டுறாங்கன்னு பாக்கணும்."

பர்வினிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் இந்த வண்டியை ஆலையின் நெல் உலர்த்துகிற களத்தில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறாள். சாலையில் போனால் ஊர் பார்க்குமே என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டாள். சாலைக்கு எடுத்துப் போவதெல்லாம் ஹாஜா மைதீன்தான். இப்போது எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் நின்றார்கள். நெல் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவள் தௌபீக்கைப் பார்த்தாள்.  அவன் வலப்பக்கம் வந்து இடது கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பர்வின் முக்காட்டை இழுத்து இறுக்கிக் கட்டி, முனையைக் கழுத்தில் சொருகி, ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி வாசலைத் தாண்டி மேற்கே திரும்பியது. நெல்லை ஒட்டி விட்டிருந்த சின்ன இடைவெளியில், ஒரு மணி நெல்லின் மேலும் சக்கரம் ஏறாமல் போயிற்று. அது வளைவில் மறைந்த பிறகும் எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

ஆண்கள் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஹாஜா மைதீன் டீத் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"கெடுத்துட்டீங்க மாப்ள," என்றார் மெதுவாக, குணசேகரனுக்குக் கேட்காதபடி. "அவளே சொல்லச் சொன்னாளே. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"வித்தா பர்வின் செஞ்ச வண்டியா விக்கட்டும் மச்சான். விக்கலன்னா பர்வின் செஞ்ச வண்டி நம்ம வாசல்ல நிக்கும். ரெண்டுல எது நடந்தாலும் எனக்குக் கொறச்சல் இல்ல."

ஹாஜா மைதீன் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "சின்னதுல பர்வின் எங்க அத்தாவோட ரேடியோவ பிரிச்சுப் போட்டுட்டா," என்றார் யாரிடம் என்றில்லாமல். "செம அடி வாங்குனா. ஆனா அதுக்கப்புறம்தான் அதுல சிலோன் ஸ்டேஷன் சரியா எடுத்துச்சு."

குணசேகரன் சிரித்தார். பிறகு தௌபீக்கின் பக்கத்தில் வந்து நின்று, வெல்டிங்குக்கு எந்த மெஷின், தரைத்தகட்டின் கனம் எத்தனை கேஜ் என்று கேட்டார். இந்த முறை சோதிப்பதற்காகக் கேட்பது போல இல்லை. சீர்காழியில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் பழைய ஜீப் ஒன்று கிடக்கிறது என்றும் சொன்னார். தௌபீக், "அத நீங்க அவங்கள்ட்டதான் கேக்கணும்," என்றான்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மேற்கே அடுத்த ஊர் வரை போய்த் திரும்பினால் எப்போதோ வந்திருக்க வேண்டும். குணசேகரன் அக்காவுக்கு போன் செய்தார். அது அவர்கள் வந்த காரின் இருக்கையிலிருந்து அடித்தது. பர்வினின் போன் வீட்டுக்குள் தையல் மெஷின் மேல் கிடந்தது. முள்ளைப் பார்க்கச் சொன்னாளே, சூடு ஏறியிருக்குமோ என்று தௌபீக்குக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, ஏறினால் அவளுக்குத் தெரியும் என்று தோன்றி அந்தப் பயம் போய்விட்டது. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் இன்னும் இறங்கவில்லை.

சத்தம் முதலில் அவனுக்குத்தான் கேட்டது. மேற்கிலிருந்து வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மேட்டூர் அணையை மூடிவிட்டதால் காவிரியில் தண்ணீர் வடிந்து மணல் திட்டுகள் தெரிந்தன. அக்கரைச் சாலை முழுவதும் நன்றாகத் தெரிந்தது. மேலே எங்கேயோ பாலம் ஏறி அக்கரைக்குப் போய், அந்த வழியாக வருகிறார்கள். மூங்கில் கொத்துகளின் இடைவெளியில் அந்த நிறம் ஒளிந்து ஒளிந்து வந்தது. தாமிரமாக, ரோஜாவாக, மறுபடி தாமிரமாக.

அங்கேயும் சாலையில் நெல் கிடந்தது. வண்டி நின்றது. நெல் தள்ளும் பலகையோடு நின்ற ஒரு பெண், வழிவிடுவதற்காக நெல்லை ஓரமாக ஒதுக்கினாள். ஒதுக்கி முடித்தும் நகரவில்லை. பர்வின் ஸ்டீயரிங்கிலிருந்து கையெடுத்து ஏதோ சொல்வது தெரிந்தது. தன்னைத்தான் காட்டிக்கொள்கிறாளோ, வண்டியைக் காட்டுகிறாளோ தெரியவில்லை. ஆற்றின் அகலத்துக்கு வார்த்தைகள் எட்டவில்லை. அந்தப் பெண் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வண்டியின் முன்பக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வருவதென்றால் எதிரே இருக்கிற பாலத்தில் திரும்ப வேண்டும். பாலத்தின் முகப்பில் அது வேகம் குறைந்தது. முன் சக்கரம் லேசாக இந்தப் பக்கம் வளைந்தது. உள்ளே இரண்டு தலைகளும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின.

பிறகு சக்கரம் நேரானது. வண்டி பாலத்தைத் தாண்டிக் கிழக்கே நேராகப் போயிற்று.

"எங்க போறாங்க?" என்றார் குணசேகரன்.

யாருக்கும் தெரியவில்லை. சக்கரம் கிளப்பிய நெல் தூசி வெயிலில் பொன்னாக எழுந்து, சாலையின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே அந்தப் பெண், பலகையைத் தோளில் சாய்த்தபடி, வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.